நல்லெண்ணம் வண்டியின் வெளி சீட்டு

1936-ஆம் வருஷம், விட்சன் என்ற கிறிஸ்தவத் திருநாளுக்கு மறுநாள் திங்கட்கிழமை காலையில், ஈவ்ஷாம் ஊரில் 'மூன்று வாத்து' என்ற சத்திரத்தின் முற்றத்திலிருந்து அம்ப்ரோஸ் டக்வெல் லண்டன் போகும் குதிரைக் கோச்சில் ஏறிப் போனார். அந்தக் கோச்சு ஓட்டத்தை நிறுத்தி எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்றைக்குச் சந்தையில் அஸ்பாரகஸ் கீரைத்தண்டு கட்டு ஒரு ஷில்லிங்குக்குப் போனது. விலை கொஞ்சம் கூடுதல்தான், அந்த வருஷம் பனி தாமதமாக விழுந்து முளைகளைக் கருக்கிவிட்டது.

அம்ப்ரோஸ் வூஸ்டர் நகரத்தில் கையுறைக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. அவர் மனைவி ஹெஸ்டர் பாங்கு மானேஜரின் மகள், அதை அவர் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். வூஸ்டரிலிருந்து லண்டன் வரை பழைய கோச்சு சாலையிலேயே இருவரும் ஆளுக்கொரு சைக்கிளில் போவது, வழியில் ஒரு சத்திரம் விடாமல் நின்று அரை கிளாஸ் பீர் குடிப்பது என்பது அம்ப்ரோஸின் யோசனை. சத்திரங்களில் பாதி இப்போது கசாப்புக் கடையாகவும் டாக்டர் வீடாகவும் மாறியிருந்தன, அங்கே வாசல் வளைவை மட்டும் தொட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. யோசனை சொன்னவருக்கே ஈவ்ஷாம் வருவதற்குள் முட்டி வீங்கிவிட்டது. அவர் முற்றத்தில் உட்கார்ந்து முட்டியைத் தேய்ப்பதைப் பார்த்த ஹெஸ்டர், துரைக்குக் கோச்சு வரவழைக்கட்டுமா என்று கேட்டார். கேட்ட தொனியில் கொஞ்சம் காரம் இருந்தது. உடனே வெளியே கொம்பு ஊதியது. வளைவுக்குள் நாலு குதிரைகளும், பின்னால் மஞ்சள் சக்கரங்களோடு 'நல்லெண்ணம்' என்று பெயர் எழுதிய கோச்சும் நுழைந்தன. வண்டியின் கார்டு அம்ப்ரோஸின் காலுறையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே இடம் தரத் தோன்றாமல், கூரைமேல் ஒரு வெளி சீட்டைக் காட்டினான். அடுத்த சத்திரத்தில் பார்ப்போம் என்று சொல்லி அம்ப்ரோஸ் ஏறிக்கொண்டார். ஹெஸ்டர் கையசைத்து வழியனுப்பினார்.

ஹெஸ்டர் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது அடுத்த சத்திரத்தில் அம்ப்ரோஸ் இல்லை. கோச்சு இப்போதுதான் போயிற்று என்றார்கள், சாணம் சூடாகவே கிடந்தது. அதற்கடுத்த ஊரிலும் அதே கதை. சைக்கிள்காரிக்கு இருப்பது ஒரு ஜோடிக் கால், கோச்சுக்கோ ஊருக்கு ஊர் புதுக் குதிரைகள். லண்டனில் கடைசிச் சத்திரத்தை இடித்துச் செருப்புக் கடை கட்டியிருந்தார்கள். ஹெஸ்டர் ரயிலில் வீடு திரும்பினார். புகாரை மரியாதையாக எழுதிக்கொண்ட போலீஸ்காரர் வண்டியின் நம்பர் கேட்டார். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு இறைச்சிப் பணியாரம் கொண்டுவந்து கொடுத்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். அந்த ஊரில் துக்கம் விசாரிப்பது அப்படித்தான்.

அதிலிருந்து வருஷா வருஷம் விட்சன் திங்களன்று ஹெஸ்டர் அந்தச் சாலையில் சைக்கிள் மிதித்தார். முந்தின நாளே ஈவ்ஷாம் வந்து, சத்திரத்துக் கொட்டகையில் நிற்கும் அம்ப்ரோஸின் சைக்கிளுக்குக் காற்றடித்து வைப்பார். காலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன் அறையில் ஜன்னலோரம் உட்காருவார். கொம்பு ஊதும், கோச்சு வரும், உள் சீட்டுக்காரர்கள் நாலு பேர் வந்து சாப்பிடுவார்கள்: ஒரு பாதிரியார், கிளிக்கூண்டோடு ஒரு சீமாட்டி, எப்போதும் தும்முகிற அண்ணன் தம்பி இருவர். ஹெஸ்டர் நாலு முகங்களையும் பார்ப்பார், அம்ப்ரோஸ் இருக்க மாட்டார். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அறிமுகம் ஆகாதவர்களிடம், அதுவும் சாப்பிடும்போது, எப்படிப் பேச்சுக் கொடுப்பது? அவர் எழுந்து முற்றத்துக்கு வருவதற்குள் கோச்சு வளைவைத் தாண்டியிருக்கும். பிறகு நாள் முழுக்கத் துரத்தல்தான். யுத்தம் வந்தது, எதிரி வந்தால் வழி தெரியக்கூடாதென்று கைகாட்டி மரங்களைப் பிடுங்கினார்கள், பெட்ரோலுக்கு ரேஷன் போட்டார்கள். நல்லெண்ணத்துக்கு அதனாலெல்லாம் ஒரு குறையும் இல்லை.

ஹெஸ்டருக்குத்தான் குறை. வண்டி அம்ப்ரோஸைக் கொண்டு போயிற்றா, இல்லை தன் வாய்க்குப் பயந்து அவரே போய்விட்டாரா? இதைத் தெரிந்துகொள்ளாமல் அவரால் சரியாகத் தூங்கக்கூட முடியவில்லை. அம்ப்ரோஸ் காலையில் டீக்கெண்டியை நங்கென்று வைக்கிற சத்தம் அவருக்கு அந்தக் காலத்தில் எரிச்சலாக இருக்கும். இப்போது அந்தச் சத்தத்துக்காக ஏங்கினார், ஒரு தடவையாவது கேட்டால் போதும் என்று இருந்தது.

1947-இல், பதினோராவது தடவை, சத்திரத்து வாசலிலேயே டயர் பஞ்சராயிற்று. யுத்தகாலத்து ரப்பர், அது எப்படி உழைக்கும். டியூபில் எங்கே ஓட்டை என்று பார்க்க ஒரு வாளித் தண்ணீர் வேண்டும், அதை முன் அறையில் கேட்க முடியாது. ஆகவே பாங்கு மானேஜரின் மகள் வாழ்க்கையில் முதல் முறையாக, கொட்டகையில் கிடந்த காலி வாளியோடு, ஒரு சத்திரத்தின் பின்பக்கம் போய் அடுப்படிக் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. உள்ளே நீள பெஞ்சில் வெளி சீட்டுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அம்ப்ரோஸ், முன்னால் ஆவி பறக்கும் சூப்புக் கிண்ணம். ஒரு நாளும் வயது கூடவில்லை, முட்டி வீக்கமும் வடியவில்லை. பக்கத்து இடத்தில் அவருடைய தொப்பி கிடந்தது.

"எங்க போயிட்ட ஹெஸ்டர்?" என்றார். "ஒவ்வொரு சத்திரத்துலயும் தொப்பியப் போட்டு உனக்கு எடம் புடிச்சு வெக்கிறேன். அடுத்தவன் தள்ளி உக்காருன்னு சண்டைக்கு வர்றான்."

ஹெஸ்டர் வாளியைக் கீழே வைத்தார். முன் அறையில் தான் வருஷா வருஷம் உட்கார்ந்த ஜன்னலோரம் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பதினொரு வருஷமும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர்.

"முன் ரூம்ல வந்து பாத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"வெளி சீட்டுக்காரன் முன் ரூமுக்குள்ள எப்படி வர்றது?"

சமையல்காரி மிஸஸ் கிப்பின்ஸ் அகப்பையோடு திரும்பி, "அதானே. அப்புறம் பாதிரியார் எங்கம்மா போயி உக்காருவாரு?" என்றாள்.

சூப்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவது அந்தச் சாலைச் சத்திரங்களின் கெட்டிக்காரத்தனம். அது ஆறுவதற்குள் கொம்பு ஊதிவிடும், மிச்சமெல்லாம் மறுபடி அண்டாவுக்கே போய்ச் சேரும். அம்ப்ரோஸ் ஏறின நாளிலிருந்து ஒரு கிண்ணம் முழுசாகக் குடித்ததில்லை. ஹெஸ்டர் தொப்பியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார். இன்னொரு கிண்ணத்தை இழுத்து, சூப்பை அதிலும் இதிலுமாக மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றினார். மிஸஸ் கிப்பின்ஸ் முறைத்த முறைப்பை அவர் கவனிக்கவில்லை. அம்ப்ரோஸ் அடி வரை குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டபோது ஹெஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது.

இறங்கி வந்துவிடச் சொன்னார். டிக்கெட் லண்டன் வரை, நடுவழியில் இறங்குவது முறையில்லை என்றார் அம்ப்ரோஸ். லண்டனில் சத்திரமே இல்லாததால் கோச்சு செருப்புக் கடையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புகிறது, வாராவாரம் திங்கட்கிழமை இங்கே வருகிறது, அதுவும் முறையில்லைதான், ஆனால் அது கோச்சுக் கம்பெனியின் பாடு. சரி, தானும் ஏறிக்கொள்கிறேன் என்றார் ஹெஸ்டர். கூரையில் இடமில்லை, காலியானால் சொல்லுகிறேன் என்றான் கார்டு. கொம்பு ஊதியது. ஏணியில் கால் வைத்த அம்ப்ரோஸ் திரும்பினார்.

"ப்ராட்வே மேட்டுல குதிரைக்குப் பாரம்னு வெளி சீட்டுக்காரங்கள எறக்கி நடக்க விடுவாங்க. சைக்கிள நீயும் அங்க எறங்கித்தானே தள்ளுவ?"

தள்ளாமல் என்ன? அந்த மேட்டில் மிதித்து ஏறியவர் யாருமில்லை. பஞ்சர் ஒட்டக்கூட நிற்காமல் ஹெஸ்டர் கொட்டகையில் நின்ற அம்ப்ரோஸின் சைக்கிளை எடுத்து மிதித்தார். அதில் காற்று இருந்தது. மேட்டின் அடியில் கோச்சு நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. இருவரும் சைக்கிளுக்கு ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள். பாதி மேட்டில் ஹெஸ்டர், கோபமா என்று கேட்டார். எதற்கு என்றார் அம்ப்ரோஸ். அன்றைக்குத் துரை என்று சொன்னதற்கு. அம்ப்ரோஸ், சொன்னது ஞாபகமில்லை, கையசைத்தது ஞாபகமிருக்கிறது என்றார்.

அந்தக் கோடையிலேயே ஹெஸ்டர் வூஸ்டர் வீட்டை விற்றுவிட்டு, ப்ராட்வேயில் மேட்டின் அடியில் ஒரு சின்ன வீடு வாங்கினார். திங்கட்கிழமைகளில் அவரைத் தேநீருக்கு அழைக்கக்கூடாது என்பது ஊருக்குத் தெரியும். சாலைக்காரர்கள் மேட்டைக் குடைந்து சரிவைக் குறைக்க வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது, அவர் ஒருவர்தான் எதிர்த்தார். லாரிக்காரர்கள் அவரைத் திட்டாத நாளில்லை. வருஷங்கள் ஓடின. கோச்சில் வருகிறவர்கள் அவரை முதலில் மனைவி என்றார்கள், பிறகு அக்கா என்று நினைத்தார்கள், அப்புறம் அம்மாவென்றே முடிவு கட்டிவிட்டார்கள். அம்ப்ரோஸுக்கு முட்டி வலி, ஹெஸ்டருக்கு வயது, நடை இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருந்தது. மேட்டு உச்சியில் குதிரைகள் காத்துக்கொண்டு நிற்கும்.

ஹெஸ்டருக்கு எண்பது நடந்த வருஷம் ஒரு திங்கட்கிழமை கிளிக்கூண்டுச் சீமாட்டி வரவில்லை. மேட்டின் அடியில் கார்டு தானாக இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றி, கோச்சின் கதவைத் திறந்து பிடித்தான். உள் சீட்டு, மெத்தை வைத்தது, லண்டன் வரை, இனிமேல் என்றைக்கும் என்றான். அம்ப்ரோஸ் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹெஸ்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். மெத்தை நன்றாகத்தான் இருந்தது.

"உள்ள உக்காந்தா மேட்டுல எறங்கி நடக்க விடுவீங்களா?"

"உள் சீட்டுக்காரங்களயா? அதெப்படிம்மா?"

"அப்ப வேண்டாம்ப்பா," என்றார். "கூரையில காலியானா சொல்லு."

கார்டு கதவைச் சாத்தினான். இருவரும் மேட்டில் ஏறினார்கள், எப்போதும் போல மெதுவாக. உச்சியில் அம்ப்ரோஸ் கூரைமேல் ஏறிக்கொண்டார், ஹெஸ்டர் கையசைத்தார், கோச்சு போயிற்று. ஹெஸ்டர் சைக்கிளைத் திருப்பி, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கி வீட்டுக்கு வந்தார். அந்த வாரம் அஸ்பாரகஸ் நல்ல விளைச்சல், விலை இறங்கியிருந்தது.