அழுது வடியும் கரண்ட்

பெரம்பலூர் கம்பெனியில் வளர்மதிக்கு வேலை, செய்து முடித்த மோட்டார் பெட்டிகளைச் சோதித்து ‘பாஸ்’ ஸ்டிக்கர் ஒட்டுவது. வயலில் கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானாக ஓட்டிவிடும் பெட்டிகள் அவை. ஆஃப் போட்டுவிட்டால் மட்டும், கரண்ட் எத்தனை முறை போய் வந்தாலும் வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும்.

தா.பழூரிலிருந்து ஒன்று திரும்பி வந்திருந்தது. ஆஃப் போட்டாலும் தானே ஓடுகிறதாம்.

“பேய் புடிச்சிருக்கும்மா, வேப்பிலை அடிச்சு அனுப்பு” என்றார் சூப்பர்வைசர் குருமூர்த்தி. சிரிப்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

வளர்மதியின் மேசையில் இருந்த பவர் சோர்ஸ் சொன்ன பேச்சைக் கேட்கும் மெஷின். எத்தனை வோல்ட், எப்போது போக வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்று பதிந்து கொடுத்தால் அந்தக் கரண்டை அப்படியே தரும். கம்பெனி வைத்திருந்த சோதனை ஒன்றுதான்: பட்டென்று போகும், பட்டென்று வரும். போட்டுப் பார்த்தாள். பெட்டி சமர்த்தாக ஆஃபிலேயே இருந்தது.

எந்த ஊர் வயலில் கரண்ட் அவ்வளவு மரியாதையாகப் போகிறது? திருமானூரில் அவள் வீட்டு பல்பு லேசில் அணையாது, அழுது வடியும். மங்கி, சிவந்து, குற்றுயிராகக் கிடந்து, பிறகு மெல்லப் பிரகாசமாகும். இந்தச் சோதனையை எழுதின மகராசன் வீட்டில் பல்பு அழுததே இல்லை போலும்.

அந்த அழுகையை அப்படியே பதிந்து கொடுத்தாள். வோல்டேஜ் மெல்ல இறங்கியது. அடியில் கொஞ்சம் தங்கியது. மெல்ல ஏறியது.

டக்.

ஆஃப் போட்ட பெட்டியில் பச்சை விளக்கு. பட்டென்று போனால் ஆஃபை நினைவில் வைத்திருக்கும் பெட்டி, அழுது வடிந்தால் மறந்துவிடுகிறது.

பாஸ் ஆன புதுப் பெட்டி ஒன்றை மாட்டினாள். டக். இன்னொன்று. டக். இதே பெட்டிதான் அவள் வீட்டு மோட்டார் கொட்டகையிலும் இருந்தது. ஸ்டிக்கர் அவள் கையால் ஒட்டியது.

காலையில் பஸ் ஏற்றிவிட வந்த புருஷன் அறிவரசன், மோட்டார் ஒயர் ஜாயிண்ட் விட்டுப்போச்சு, இன்னைக்குப் போட்டுடறேன் என்றிருந்தான்.

“ப்யூஸ் கட்டையைப் புடுங்கிட்டு போடுங்க.”

“ஓம் பெட்டியில ஆஃப் போட்டா பத்தாதா? அப்பறம் என்னத்தத்தான் நீ டெஸ்ட் பண்ற?”

அவளும் சிரித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

இப்போது அவனுக்குப் போன் போட்டாள். எடுத்தது மாமியார் பாப்பாத்தி.

“அத்தை, அவரு எங்க?”

“போனை வூட்டுல வச்சிட்டு, கொட்டாயில ஒயரோட மல்லுக்கட்டிட்டு இருக்கான்.”

“கரண்ட் இருக்கா?”

“எங்கடி? அழுது வடியுது.”

“ஒயரைத் தொட வேணாம்னு சொல்லுங்க! ஓடுங்க அத்தை!”

“ஆஃப் போட்டுட்டுத்தாண்டி...”

“ஆஃபை நம்பாதீங்க! ஓடுங்க!”

பாப்பாத்தி ஓடுவது போனில் கேட்டது. மூச்சிரைப்பு. கொல்லைக் கதவின் சத்தம். “டேய் அறிவு! தொடாதடா!”

“என்னம்மா?” என்று தூரத்தில் அவன் குரல். வளர்மதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஒயரை வுடுடா! வளரு சொல்லுது!”

“ஆஃப்லதாம்மா இருக்கு. அவ பாஸ் பண்ணுன பெட்டிம்மா இது.”

“அட, கொட்டாய் பல்பு நல்லா எரியுதே...” என்றாள் பாப்பாத்தி.

டக்.

அதற்குப் பிறகு போனில், பாப்பாத்தி மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.