சௌகந்திகா லேஅவுட்டுக்குப் பனி வந்த கதை

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் சௌகந்திகா லேஅவுட்டுக்கு முதலில் பனி தள்ளும் லாரிதான் வந்தது. பனி இரண்டு மாதம் கழித்து வந்தது. ஊரில் எந்த வசதியும் இந்த வரிசையில் வந்ததில்லை. சாக்கடை வந்து பல வருடம் ஆனபின்தான் அதற்கு மூடி வரும். அதனால் லேஅவுட்காரர்களுக்கு இந்த விஷயத்தில் இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

லாரியைக் கொண்டுவந்தவன் சந்துரு என்கிற காண்ட்ராக்டர். வடக்கே மலைப்பக்கம் எங்கேயோ ஏலத்துக்கு வந்த வண்டியை, மண் அடிக்க ஆகும் என்று எடுத்தான். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. முன்னால் ஆள் உயரத்துக்கு வளைந்த இரும்புத் தகடு. அந்தத் தகட்டைக் கழற்றும் ஸ்பேனர் மைசூரில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கிடைக்கவில்லை. தகட்டோடு மண் அடிக்க முடியாது, தகட்டை விட்டு வண்டியைப் பிரிக்கவும் முடியாது என்று ஆனதும், சந்துரு நேராக லேஅவுட் சங்கத்துக்குப் போய், பனி அகற்றும் சேவை என்று வருடாந்தர ஒப்பந்தம் ஒன்றை முன்னால் வைத்தான். பக்கத்து லேஅவுட்டில் நீச்சல் குளம் வந்திருந்த நேரம் அது. சங்கத் தலைவர் காளியப்பன் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து லேஅவுட்டில் இல்லாத ஒன்றை எப்படியாவது கொண்டுவந்துவிட வேண்டும் என்று தூக்கம் கெட்டுக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தாரணி மட்டும் கூட்டத்தில் எழுந்து, மைசூரில் எங்கே சார் சிம்லா மாதிரி பனி பெய்கிறது என்று கேட்டாள். "தீயணைக்கிற சிலிண்டர் வாங்கி மாட்டினோமேம்மா, தீ பிடிச்சிதா?" என்று காளியப்பன் திருப்பிக் கேட்டார். ஒப்பந்தம் கைதட்டலோடு நிறைவேறியது.

ஆயுத பூஜையன்று லாரிக்கு வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். சாதாரண வண்டி மாதிரி முன் சக்கரத்தில் மட்டும் எலுமிச்சம்பழம் வைத்தால் போதுமா, இது பின் சக்கரமும் இழுக்கிற வண்டியாயிற்றே என்று ஒரு வாதம் கிளம்பியது. முடிவில் நாலுக்கும் வைத்து, நாலையும் ஒரே நேரத்தில் நசுக்க வேண்டும் என்றார்கள். ஓட்டுவதற்கு சேகரன் கிடைத்தான். ஹனூர் பக்கம் கௌதள்ளிக்காரன். மழைக்காலத்தில் காட்டுப் பாதையில் ஜீப் ஓட்டிப் பழகியவன் என்பதால் ஃபோர் வீல் அவனுக்குப் புதிதில்லை. அவனுடைய மனைவி ஜோதிமணி ஏற்கெனவே லேஅவுட்டில் பாதி வீடுகளுக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் லேஅவுட்டின் பின்மதிலுக்கு வெளியே, லேஅவுட்டைக் கட்டிய கொத்தனார்களும் சித்தாள்களும் தங்கியிருக்கும் தகர ஷெட் வரிசையில் குடியிருந்தார்கள். மதிலில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. வேலைக்காரர்கள் சுற்றிக்கொண்டு வந்தால் நேரமாகும் என்பதற்காக விட்டுவைத்தது.

மார்கழி பிறந்து சில நாளில் பனி பெய்தது. மதிலுக்கு உள்ளே மட்டும் பெய்தது. வாட்ச்மேன் ஜடையனின் நாற்காலி கேட்டுக்குப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் கிடந்ததால், அவருடைய இடது தோளில் பனியும் வலது தோளில் வெயிலும் விழுந்தன. அன்று மார்க்கெட்டில் அவரைக்காய் விலை ஏறியிருந்தது, கம்பெனி பஸ் ஒன்று தாமதமாக வந்தது. வானிலை தெரிந்தவர்கள் வந்து, இது நடக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிட்டு, பனியில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். மைசூர்க்காரர்கள் டிசம்பரில் எப்படியும் குரங்குக் குல்லாய் போடுகிறவர்கள் என்பதால் யாரும் புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. ஒப்பந்தத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது, பெய்யாமல் என்ன செய்யும் என்பது லேஅவுட்டின் பொது அபிப்பிராயமாக இருந்தது. காளியப்பன் பக்கத்து லேஅவுட் தலைவரைக் காபிக்கு அழைத்தார்.

சேகரன் லாரியை எடுத்தான். தெரு முழுவதையும் சுத்தமாக வழித்து, சரிவோடு இறக்கி, மதில் இடைவெளி வழியாக வெளியே தள்ளினான். வேறு இடம் இல்லை. உள்ளே எல்லாம் முப்பதுக்கு நாற்பது மனை, ஒரு தென்னங்கன்று வைக்கவே பஞ்சாயத்து நடக்கும் இடம். முதல் வருடம் பனி ஷெட்டுகளின் முன்னால் முழங்கால் அளவுக்குக் குவிந்தது. வெயிலில் கரையவில்லை. அதன்மேல் தார்ப்பாய் விரித்து ஒருத்தி மிளகாய் காயவைத்தாள், மிளகாய் காய்ந்தது, பனி அப்படியே இருந்தது. சிவராத்திரியோடு குளிர் போய்விடும் என்பது மைசூரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், பனியும் அதன்படியே நடந்துகொண்டது. ஒரே இரவில் போய்விட்டது.

இரண்டாவது வருடம் அதிகமாகப் பெய்தது. பனி வந்தபின் லேஅவுட்டில் மனை விலை ஏறியிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசல் பனி முதலில் போக வேண்டும் என்று சேகரனுக்கு டீ கொடுத்தார். அவன் தள்ளியது தள்ளியபடி மலையாக எழுந்து ஷெட்டுகளின் கூரையை எட்டியது. அந்த வருடம் ஜோதிமணி மாசமாக இருந்தாள். காலையில் எழுந்து, புருஷன் முந்தின நாள் கொண்டுவந்து கொட்டியதைச் சட்டியால் தோண்டி வழி செய்துகொண்டுதான் அவள் வாசல் தெளிக்கப் போக வேண்டியிருந்தது. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவள் அம்மாவிடம் ஃபோனில்கூடச் சொல்லவில்லை. ஷெட்டுக்குள் நனைந்த சாக்கும் சில்லிப்புமாக இருந்தது. இந்த வீட்டில் ஒரு குழந்தையை எப்படிப் படுக்கவைப்பது என்ற பயம் சேகரனைத் தின்றது. அதே பயத்தோடு அவன் தினமும் லாரி ஏறி, அதே வீட்டின்மேல் இன்னும் கொஞ்சம் பனியைத் தள்ளினான்.

ஒருநாள் காளியப்பன் வீட்டுக்குப் போய்க் கேட்டான். "என்ற ஊடு அங்கதானுங்க இருக்குது. பொம்பள மாசமா இருக்கறா. வேற பக்கம் எங்கயாச்சும் தள்ளிக்கறேனுங்க."

காளியப்பனின் தாத்தா ஹனூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பேரன் வரைக்கும் வந்து சேர்ந்த தமிழ் கொஞ்சம் தேய்ந்து, கன்னடம் கலந்திருந்தது. "நானும் நம்ம கடை ஆளுதான், அந்தப் பக்கத்துக்காரன்தான் கணோ சேகரா. எனக்குத் தெரியாதா? ஆனா வேற ஜாகா எங்க இருக்கு, நீயே சொல்லு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. சிவராத்திரிக்கு அதுவே போய்டும்."

"கொழந்தை அதுக்கு முந்தி வந்துருமுங்களே."

காளியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. அவசரக் கூட்டம் போட்டார். ஷெட்வாசிகளுக்கு அனுதாபம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேறியது. சிம்லா, ஊட்டி என்று டூர் போனபோது வாங்கி ஒரே தடவை போட்ட ஸ்வெட்டர்கள் மூட்டை மூட்டையாகச் சேர்ந்தன. கொத்தனார் ஒருவருக்கு மான் படம் போட்ட இளஞ்சிவப்பு ஸ்வெட்டர் கிடைத்தது, அதைப் போட்டுக்கொண்டு அவர் சாரத்தில் நிற்கும் ஃபோட்டோ லேஅவுட் வாட்ஸப்பில் நிறைய இதயங்களை வாங்கியது. பனி தள்ளுவது நிற்கவில்லை.

இதற்கு நடுவில் வாசல் தெளிக்கும் விவகாரம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பனி விழுந்த வாசலில் தண்ணீர் தெளிப்பதா என்று ஜோதிமணிக்குச் சந்தேகம். காளியப்பனின் மனைவி லிங்கம்மாவைக் கேட்டாள். "இதுவே தண்ணிதானுங்கம்மா, இதுமேல எதுக்கு இன்னொரு தண்ணி?"

"நோடு, இங்க பாரு, இது மேலேர்ந்து தானா வந்தது. லட்சுமி வரணும்னா பக்கெட்லேர்ந்து வரணும்" என்றாள் லிங்கம்மா. மற்ற வீட்டுப் பெண்களும் அதையே சொன்னார்கள். ஆகவே, சேகரன் பனியை வழித்த தரையில் அவன் மனைவி வீடு வீடாக ஒரு வாளி ஊற்றினாள். வெள்ளைக் கோலம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று கலர் பொடி வாங்கித் தந்தார்கள். ஊற்றிய தண்ணீர் வடியாமல், இருந்த இடத்திலேயே கெட்டியானது. கோலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடிக்கு அடியில் தெரிந்தன. லிங்கம்மா ஒருமுறை தாமரைக்கோலத்தின்மேல் வழுக்கி, மயில்கோலம் வரைக்கும் போய் உட்கார்ந்தாள். சரியாகப் பெருக்கவில்லை என்று ஜோதிமணிக்குத் திட்டு விழுந்தது.

சங்கராந்தி வந்தது. பண்டிகை என்பதால் வீட்டுக்கு ஒரு வாளி போதாது, தெருவையே கழுவிவிடு என்றார்கள். ஜோதிமணி நிறைவயிற்றைத் தாங்கிக்கொண்டு மேல்முனையிலிருந்து கீழ்முனைவரை கழுவிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பொங்கலுக்கு அடுப்பு மூட்டினாள். எள்ளும் வெல்லமும் பரிமாறிக்கொள்ள எல்லாரும் பட்டுப்புடவையில் வெளியே வரும் நேரத்தில் சேகரன் தகடு நிறையப் பனியோடு சரிவில் இறங்கினான். பாதியில் பிரேக்கை மிதித்தான். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் நாலு சக்கரமும் சேர்ந்தே வழுக்கின. தாமரை, மயில், தேர், சங்கு என்று எல்லாக் கோலங்களின்மேலும் லாரி சத்தமில்லாமல் போனது. பட்டுப்புடவைகள் ஒதுங்கி வழிவிட்டன. மதில் இடைவெளியைத் தாண்டி, பனிமலையைப் பிளந்துகொண்டு, சேகரன் தன் வீட்டுச் சுவரை இடித்தான். தகரம் அப்பளமாக மடங்கியது. லாரித் தகடு அடுப்பைக் கவிழ்த்து, ஜோதிமணியின் காலருகே வந்து நின்றது.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொங்கல் பானை மட்டும் போனது. சேகரன் இறங்கி ஓடிவந்து, அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். தன் கையாலேயே கொன்றிருப்பேனே என்று சொல்லிச் சொல்லி அழுதான். அவள் கொஞ்சநேரம் அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தெருவில் தானே ஊற்றிய தண்ணீர்தான் லாரியை இங்கே கொண்டுவந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அழுவறத அப்பறம் வெச்சுக்கலாமுங்க. வண்டியத் திருப்புங்க."

சேகரன் திருப்பினான். லாரி வந்ததிலிருந்து அதன் மூக்கு ஷெட்டுப் பக்கம் பார்த்துத்தான் வேலை செய்திருந்தது. இப்போது முதல் தடவையாக மேட்டைப் பார்த்தது. ஷெட்டு ஆட்கள் கட்டட வேலைக்குக் குவித்திருந்த மணலைக் கூடை கூடையாக அள்ளிக் கண்ணாடித் தெருவில் இறைத்தார்கள். மான் ஸ்வெட்டர் கொத்தனார் முன்னால் நின்று ரைட்டு ரைட்டு என்று சைகை காட்டினார். கீழ் கியரில், முன் சக்கரமும் பின் சக்கரமும் முக்கி முனக, ஒரு மாதப் பனியும் சரிவில் ஏறியது. காளியப்பன் நடுத்தெருவில் கையை விரித்து நின்றார்.

"எங்கடா தள்ற?"

"வந்த எடத்துக்குத்தானுங்க" என்றான் சேகரன்.

காளியப்பன் சந்துருவுக்கு ஃபோன் போட்டார். சந்துரு பொறுமையாகக் கேட்டான். "லாரி ஓடுதா சார்? பனி தள்ளுதா? அப்புறம் என்ன சார் கம்ப்ளெய்ண்ட்?" அதற்குள் தகடு அருகில் வந்துவிட்டதால் காளியப்பன் தன் வீட்டுக் கேட்டுக்குள் ஏறி நின்றார். பொழுது சாய்வதற்குள் ஷெட்டுகளின் முன்னால் செம்மண் தெரிந்தது. தை மாதக் கடைசியில் அந்தச் செம்மண்ணுக்குப் பின்னால், புதுத் தகரம் அடித்த வீட்டில், ஜோதிமணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. உலர்ந்த வீடு, உலர்ந்த துணி. சேகரன் அன்றும் அழுதான்.

லேஅவுட்டில் பனி மாடி வரைக்கும் நின்றது. வேறொரு டிரைவரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். லாரி வேறு யாருக்கும் ஸ்டார்ட் ஆகவில்லை. கொஞ்சநாளில் பழகிவிட்டது. கீழ்த்தளத்தை மறந்து, பால்கனி வழியாகப் போய்வந்தார்கள். கூரியர்க்காரர்களும் பால்கனியில் மணியடித்தார்கள். பனியைப் பார்த்த ஜன்னல் என்று விளம்பரம் போட்டு வாடகையை ஏற்றினார்கள். சிவராத்திரிக்குப் போகும் பனி ஒவ்வொரு மார்கழியும் திரும்பி வந்தது; இப்போது இது நாலாவது வருடம். சேகரன் இன்றும் சம்பளத்துக்கு லாரி ஓட்டுகிறான், இன்றும் மேட்டைப் பார்த்துத்தான் தள்ளுகிறான், யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஒரே ஒரு குறை. பனி உயர்ந்ததில் லேஅவுட்டுக்குள் வெயில் விழுவது நின்றுபோனது. அந்தப் பக்கத்தில் வெயில் இருக்கும் இடம் ஷெட்டுகளின் முன்னால் இருக்கும் செம்மண் தரை மட்டும்தான். வெயிலும் லேஅவுட்டின் பொது வசதிகளில் ஒன்று என்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. மறுநாள் காலை காளியப்பனும் லிங்கம்மாவும் தாரணியும் இன்னும் சிலரும் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மதில் இடைவெளியில் வந்து நின்றார்கள். ஜோதிமணி குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க, உக்காருங்க. செருப்ப மட்டும் அங்கயே வுட்டுட்டு வாங்க."

விட்டுவிட்டு வந்தார்கள். வெறுங்காலோடு மண்ணில் வரிசையாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்கள். மதிலுக்கு உள்ளே செருப்புகளின்மேல் பனி விழத் தொடங்கியது. எடுத்துவர யாரும் எழுந்து போகவில்லை. வெயில் நன்றாக இருந்தது.