கால்வாயை வற்றவைத்தவள்

ஆலைகளுக்குச் சரக்குப் படகு போன காலத்தில் வெட்டிய கால்வாய் அது. ஆலைகள் மூடியபின் தேங்கிய சாயத் தண்ணீர்தான் மிச்சம். அதன்மேல் நின்ற கல் வளைவுப் பாலத்துக்கு முப்பாட்டன் வயது. பாலத்தின் கல்லையே பின்சுவராக வைத்துக் கட்டிய வீட்டில் தையற்காரியும் அவள் புருஷனும் குடியிருந்தார்கள்.

அவன் சாயப்பட்டறைக்கு நெஞ்சைக் கொடுத்துவிட்டு வந்தவன். நாற்றம் ஏறினால் இருமலும் ஏறும். தண்ணீர் ஒழிந்தால்தான் அவனுக்கு மூச்சு என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். சட்டைக்கு அளவெடுத்தபடியே ஆள் சேர்த்தாள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம். இங்கே அதிகாரிகளே நகர்ந்தார்கள். "தண்ணி பாலத்தையும் அரிக்குதுங்க" என்று அவள் சொன்னதை அவர்களும் நம்பினார்கள். நம்பாமல் என்ன, ஊரே அப்படித்தான் நினைத்தது.

பம்பு வைத்து இறைத்துவிட்டு அப்படியே போய்விட்டார்கள். மூன்று கோடை கால்வாய் காய்ந்து கிடந்தது. அவன் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகு பின்சுவரில் கை நுழையும் அளவுக்குப் பிளவு விட்டது. பார்க்க வந்த இன்ஜினியர் பெண் கால்வாய்க்குள் இறங்கி, பாலத்தின் அடியிலிருந்து ஒரு மரச்சிம்பைப் பிய்த்தாள். அது விரலிலேயே பொடிந்தது.

"பாலம் மரக்கட்டை மேலதாம்மா நிக்குது. தண்ணிக்குள்ள இருந்தவரைக்கும் கட்டைக்கு ஒண்ணும் ஆகல. காத்து பட்டதும் உளுத்துப்போச்சு."

"மறுபடியும் தண்ணி விட்டா?"

"உளுத்தது உளுத்ததுதான். பாலத்தை இடிக்கணும். உங்க வீட்டையும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அவளோடு கோஷம் போட்டவர்களே, "இவளை யாரு கேட்டா?" என்றார்கள். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். மாற்று வீடு ஒதுக்கிய இடத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. தோல் பதனிடும் ஆலைக்கு நேர் பின்னால். போய்ப் பார்த்தவள் நாற்றம் தாங்காமல் வாசலிலேயே வாந்தி எடுத்தாள். கெஞ்சிப் பார்த்தாள், வேறு வீடு இல்லை என்றார்கள்.

திரும்பி வந்தபோது அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"வீடு எப்படி இருக்கு? காத்து வருமா?"

"வரும்ங்க. நல்லா வரும்."

"அப்பச் சரி. அது போதும் நமக்கு" என்று எழுந்து, இருமாமல், துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினான்.