அன்னக்கிளி வாங்கிய திருப்புளி

அன்னக்கிளிக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. ஒரகடத்துக் கார் உதிரிபாகக் கம்பெனியில் லைனில் நின்று ஒயர் சொருகிக்கொண்டிருந்தவளை, திங்கட்கிழமை முதல் மெயின்டனன்ஸுக்கு மாற்றியிருந்தார்கள். சங்கரன்கோவில் பக்கம் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் முடித்து வந்தவள். படித்த வேலை இப்போதுதான் கைக்கு வருகிறது. சாமான்களையெல்லாம் கம்பெனியே கொடுத்துவிடும். ஆனாலும் சட்டைப்பையில் தனக்கே தனக்கென்று ஒரு திருப்புளி வேண்டுமென்று ஆசை. ஒரே கைப்பிடியில் முனையை மட்டும் மாற்றி மாட்டிக்கொள்கிற ரகம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அறைத்தோழி முத்துச்செல்வியை இழுத்துக்கொண்டு படப்பைக்குப் போய்விட்டாள்.

ஹார்டுவேர் கடைக்காரர் கோதண்டம், அண்ணனுக்கா என்று கேட்டார். எனக்குத்தான் என்றாள் அவள். மனிதருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கல்லாவின் மேல் பெட்டி பெட்டியாகப் பரப்பினார். சுடிதார் துணி எடுக்க வந்திருந்த முத்துச்செல்வி அதை மறந்து, வளையல் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

கோதண்டம் கடைசியாக ஒரு பெரிய பெட்டியைத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாகக் குட்டிக் குட்டி முனைகள் பளபளத்தன.

"முப்பது பிட்டுக்கு மேல கீதும்மா. செல்போன்லேர்ந்து மிக்ஸி வரைக்கும் கழட்டலாம்."

அன்னக்கிளிக்கு மயக்கமே வந்துவிட்டது. ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் வாங்க மனமில்லை. கடைச் சுவரில் ஆடிக்கொண்டிருந்த ஸ்விட்ச் போர்டைக் காட்டி, முடுக்கிப் பார்க்கட்டுமா என்றாள். கோதண்டம் மெயினை அணைத்தார். மாட்டிய முனை கட்டையாக இருந்தது. அதைப் பிடித்திருந்த தண்டோ தடிமன். பள்ளத்துக்குள் இருந்த ஸ்க்ரூவை அது எட்டவே இல்லை. இன்னொரு தரம் அழுத்தியதும் முனை கழன்று, கோதண்டத்தின் டீ டம்ளருக்குள் குதித்தது. முத்துச்செல்விக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது.

அன்னக்கிளி பெட்டியை மூடி வைத்தாள்.

"கைப்பிடியத் தாண்டினா எல்லாம் வெறும் இரும்பால்லா இருக்கு. கரண்ட நிப்பாட்டிட்டுத்தான் கை வைப்பேன். ஆனா யாராச்சும் தெரியாம போட்டுட்டா?"

கோதண்டம் யோசித்துவிட்டு உள்ளேயிருந்து வேறொன்றைக் கொண்டுவந்தார். அதில் நாலைந்து முனைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் நீளம்; நுனி மட்டும் தெரிய, மேலெல்லாம் சிவப்பு பிளாஸ்டிக் உறை. ஆயிரம் வோல்ட் தாங்கும் என்ற குறியும் இருந்தது. கைப்பிடி அவளுடைய சின்ன உள்ளங்கைக்குள் அடங்கியது. முனையைச் செருகியதும் டக்கென்று பூட்டிக்கொண்டது. ஸ்க்ரூ நாலு சுற்றில் இறுகியது. மெயினைப் போட்டதும் விளக்கு எரிய, மூன்று பேருமே கை தட்டினார்கள்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பின்னாலிருந்த கம்பித் தடுப்பு கடகடவென்று ஆடியது. அன்னக்கிளியால் கை வைக்காமல் இருக்க முடியவில்லை. வண்டி நின்ற இடத்தில் அதை முடுக்கினாள். அப்படியே கண்ணாடியையும் பார்த்துவிடச் சொன்னார் டிரைவர். பக்கத்திலிருந்த அம்மாள் தன் டார்ச் லைட்டை நீட்டினாள். எதிரே இருந்தவர் டிபன் கேரியரை எடுத்தார். அதில் ஸ்க்ரூவே கிடையாது. வண்டியே குலுங்கிச் சிரித்தது.

சிரிப்பு அடங்கி வெளியே பார்த்தால், இறங்க வேண்டிய ஒரகடம் எப்போதோ போய்விட்டிருந்தது. வல்லக்கோட்டையில் இறங்கினார்கள். வந்ததுதான் வந்தோம் என்று முருகனைக் கும்பிடப் போனார்கள். அர்ச்சனைத் தட்டில் தேங்காய்க்கும் பழத்துக்கும் நடுவே சிவப்பாகக் கிடந்ததைக் குருக்கள் ஒரு கணம் பார்த்தார். குங்குமத்தை எடுத்துக் கைப்பிடியில் வைத்துவிட்டு, யார் பேருக்கு அர்ச்சனை என்றார்.

அன்னக்கிளி தன் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள்.

"அதுக்கும் ஒரு பேரு சொல்லுட்டி," என்று காதுக்குள் கிசுகிசுத்தாள் முத்துச்செல்வி.

சந்நிதி என்றும் பாராமல் அன்னக்கிளி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.