சலவைக்கூடத்து மாடி

"அடுத்தது யாரு? போறவ போயிட்டு நேரா ஓடி வரணும். டீச்சர் பிள்ளையப் பத்திச் சொன்னா கேட்டுக்க. உன் மாமியாரப் பத்தி நீ ஆரம்பிச்சிடாத!"

நீராவி இரைச்சலை மீறி அவள் குரல் கூடத்தின் கடைசி வரை போயிற்று. குரல் எட்டாத இடத்துக்கு இரண்டு விரலை வாயில் வைத்து ஓர் ஊதல். எந்திரங்களுக்கு அப்பால் நிற்பவளும் திரும்பிவிடுவாள். அதனால் முதுகுக்குப் பின்னால் அவள் பெயர் விசில். முகத்துக்கு நேரே அக்கா. ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் அவள்தான் மேற்பார்வை.

இன்று காலையிலிருந்தே அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மடித்து வைத்த விரிப்பை உதறி மறுபடி மடித்தாள். இல்லாத கறையைக் காட்டி ஒருத்தியைத் திட்டினாள். தள்ளுவண்டியைச் சுவரோரம் தானே தள்ளி வைத்துவிட்டு, அது ஏன் அங்கே நிற்கிறது என்று இன்னொருத்தியைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் இங்கே வந்து பேசுவது முதலாளி செய்த ஏற்பாடு. இங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் அடுத்த தெரு அரசுப் பள்ளியில்தான் படித்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சாயங்காலம் உட்கார்ந்து படிக்க, சலவைக்கூடத்தின் மாடி அறையைக் கொடுத்தார். விளக்கு, மேசை, பிஸ்கட், பால் எல்லாம் அவர் செலவு. டீச்சர்கள் முறை வைத்து வந்து சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு ஒருத்தரும் வருவதில்லை என்று தலைமையாசிரியர் குறைப்பட்டபோது, "ஷிப்டை விட்டுட்டு அவங்க எப்படி வருவாங்க? நீங்க இங்க வாங்க" என்றுவிட்டார்.

"ரிசல்ட் ஏறினா முதலாளி வாசல்ல பேனர் கட்டப் போறாராம்."

"கட்டட்டும், நமக்கென்ன துணிக்கா பஞ்சம்?"

கூடமே சிரித்தது. விசில் சிரிக்கவில்லை. கணக்கு டீச்சர் இப்போது சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அந்த டீச்சரின் வகுப்பில்தான் விசிலின் மகனும் இருந்தான்.

அதை இங்கே ஒருவரிடமும் அவள் சொன்னதில்லை. மகன் பெரிய தனியார் பள்ளியில் படிப்பதாகத்தான் பேச்சு. "எம் பையன் ஸ்கூல்ல வாயத் திறந்தா இங்கிலீஷ்தான்" என்று அவள் அடிக்காத தம்பட்டமில்லை. ஒன்பதாவது முடிந்ததும் அந்தப் பள்ளி அவளைக் கூப்பிட்டு, இவனை வைத்துக்கொண்டால் பொதுத்தேர்வில் எங்கள் பெயர் கெட்டுவிடும், வேறு இடம் பாருங்கள் என்று காதும் காதும் வைத்தாற்போல் சொல்லி அனுப்பிவிட்டது. மறு பேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டது அரசுப் பள்ளி. அவளோ தம்பட்டத்தை நிறுத்தவில்லை. மகனிடம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள்: "என் கம்பெனிப் பக்கம் தலைவச்சும் படுக்காத."

டீச்சரைப் பார்த்துவிட்டு மடிப்பு மேசைக்காரி திரும்பி வந்தாள். வாய் ஓயாததால் அவளுக்கு லொடலொடா என்று பெயர்.

"என்னடி சொன்னாங்க?"

"எம் பொண்ணு பேச்சுல என்னைத் தூக்கிச் சாப்பிட்டுடுவாளாம். கணக்குன்னா மட்டும் வாயே திறக்கறதில்லையாம்."

"சரி சரி, அந்த முனையப் பிடி."

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. இழுத்து உதறி, எதிரெதிரே நடந்து, முகத்துக்கு முகம் வந்து முனையைக் கொடுத்துவிட்டுப் பின்வாங்க வேண்டும். முதல் மடிப்பில் நெருங்கி வந்த லொடலொடா குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சர் உங்களையும் கேட்டாங்கக்கா."

விசிலின் கையிலிருந்து முனை நழுவியது. குனிந்து எடுத்தாள்.

"என்னை எதுக்கு? ஆள் மாத்திக் கேட்டிருப்பாங்க."

பின்வாங்கி, இழுத்து, மறுபடி நெருங்கினார்கள்.

"எம் பொண்ணுக்கு முன் பெஞ்சுலதான் உங்க பையன் உக்கார்றான். பள்ளிக்கூடம் திறந்த அன்னிக்கே வந்து சொல்லிட்டா."

"யார் யாருக்குத் தெரியும்?"

"பிள்ளைங்க இருக்கிற எல்லாருக்கும். வாட்ச்மேனுக்குத்தான் தெரியாது. அவருக்குப் பிள்ளை இல்ல."

விரிப்பு சிறுத்துக்கொண்டே வந்தது. இருவருக்கும் நடுவில் இருந்த இடமும்தான்.

"இத்தன நாளா வாய மூடிக்கிட்டு இருந்தியா? நீயா?"

"மொதல்ல சிரிப்பா இருந்துச்சுக்கா. 'எம் பையன்தான் முதல் ராங்க்'னு நீங்க ஆரம்பிச்சா, நாங்க விரிப்புக்குள்ள முகத்த வச்சுக்குவோம். இப்ப சிரிப்பு வரல. தெனம் சாயங்காலம் எம் பொண்ணோட தெருமுனை வரைக்கும் வர்றானாம். மத்த பிள்ளைங்க மாடிக்கு ஏறுது, இவன் மட்டும் திரும்பிப் போயிடறானாம். அதக் கேக்கத்தான் டீச்சர் உங்களக் கூப்பிட்டாங்க."

மடித்த விரிப்பை அவள் கையில் திணித்துவிட்டு விசில் விடுவிடுவென்று நடந்தாள்.

சாப்பாட்டு அறையில் டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. நானே உள்ள வந்து தேடலாம்னு இருந்தேன். உங்க பையன் மத்த பாடத்துல ஒப்பேத்திடுவான். கணக்குதான் இழுபறி. மாடிக்கு வந்தா கரையேத்திடலாம். ஏன்டா வரலன்னா, 'அம்மாவுக்குப் பிடிக்காது'ங்கறான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியல."

விசில் பக்கத்து மேசையை முந்தானையால் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"பழைய ஸ்கூல்ல இவன வேணாம்னுட்டாங்க டீச்சர்."

"தெரியும்மா. வருஷா வருஷம் அங்கிருந்து நாலு பேராவது வந்துடுவாங்க. ரிசல்ட் அவங்களுக்கு, பிள்ளைங்க எங்களுக்கு." டீச்சர் சிரிக்கவில்லை. "பரீட்சை நெருங்கிடுச்சு. இன்னிக்கு வந்தாலே லேட்டுதான். ஆனா வரட்டும்."

ஷிப்ட் முடிந்தும் ஒருத்தியும் கிளம்பவில்லை. ஒருத்திக்குச் செருப்பு வார் அறுந்தது, ஒருத்திக்குப் பை கிடைக்கவில்லை. விசில் வாசலில் இப்படியும் அப்படியுமாக நடந்தாள். பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். தெருமுனையில் மகன் தெரிந்தான். லொடலொடாவின் மகளிடம் என்னவோ சொல்லிவிட்டுத் திரும்பினான். முதுகில் கனத்த பை, உடம்பில் அந்த அரசுப் பள்ளிச் சட்டை.

விரல் இரண்டும் தானாக வாய்க்குப் போயின. தெருவே திரும்பிப் பார்த்தது. அவனும் பார்த்தான். மாட்டிக்கொண்டவன்போலக் கிட்டே வந்தான்.

"நான் உள்ள வரலம்மா. சும்மா அந்தப் பக்கமா..."

"மாடிக்குப் போ."

"எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"பாக்கட்டும்டா. அவங்களுக்கு எப்பவோ தெரியும். நாம ரெண்டு பேருந்தான் ஒளிஞ்சு விளையாடிட்டு இருந்திருக்கோம். போ, பால் ஆறிடும்."

அவன் இரண்டிரண்டு படியாக ஏறினான். அறுந்த செருப்புகள் எல்லாம் அதற்குள் சரியாகிவிட்டன, ஒவ்வொருத்தியாகக் கிளம்பினார்கள். விசில் மட்டும் போகவில்லை. மாடி ஜன்னலை அண்ணாந்து பார்ப்பதும் நடப்பதுமாக இருந்தாள். கணக்கு பிடிபடுமா? இத்தனை சாயங்காலம் வீணாய்ப் போயிற்றே.

வாட்ச்மேன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"என்னம்மா, வீட்டுக்குப் போகலியா?"

"மேல எம் பையன் படிக்கிறான்."

"உங்க பையனா? மேல அரசாங்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கதானே?"

அவள் நடையை நிறுத்தினாள்.

"ஆமாண்ணே. அந்தப் பள்ளிக்கூடந்தான்" என்றாள். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள்போல. மேலே ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.