அசையாத எண்பது நிமிடங்கள்

1

இந்தக் கதை ஒரு விதியிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகள் எவ்வளவு ஓடியாடுகிறார்கள் என்று அளக்க, தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை இடுப்பில் கட்டிவிடுகிறார்கள். அது அசைவை எண்ணி, நடையா ஓட்டமா துள்ளலா என்று தரம் பிரிக்கும். அறுபது நிமிடம் விடாமல் பூஜ்யம் வந்தால், பிள்ளை கழற்றி வைத்துவிட்டது என்று அந்த நேரத்தை நீக்கிவிடுவார்கள். கேட்ட நாள்முதல் அது எனக்குள் முள்ளாக உறுத்துகிறது.

2

மழை விட்டும் தூவானம் விடாத ஒரு காலையில் ஆய்வாளர்— வேண்டாம். மழைக்கு இங்கே வேலையில்லை.

பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறை. ஆய்வாளர் மடிக்கணினியில் கோடுகளைப் பார்க்கிறார். இன்றைக்குள் முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் கணக்கை முடித்தாக வேண்டும். எதிரே ஒன்பது வயதுச் சிறுமி. பள்ளி முழுக்க அவளுக்கு 'வாலு' என்றுதான் பெயர்.

"வியாழக்கிழமை சாயங்காலம் எண்பது நிமிஷம் கழட்டி வச்சிருக்கியே?"

"கழட்டலக்கா. சும்மா உக்காந்திருந்தேன்."

வாசலில் நின்ற வகுப்பாசிரியை சிரித்துவிட்டார். "இவளாவது, சும்மா உக்கார்றதாவது! தூக்கத்துலயே கட்டிலைச் சுத்தி வர்ற ஆளு. பொய்யாவது பொருந்தச் சொல்லுடி."

3

(நான் எழுதிய முதல் வரைவில் வாலு பொய்தான் சொன்னாள். பிள்ளை பொய் சொல்லித் திருந்தும் கதைகளை நிறைய எழுதியவன் நான், கை பழகிவிட்டது. மன்னித்துக்கொள் குழந்தாய்.)

ஆசிரியை போனதும் வாலு குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா ரெண்டு ஷிப்ட் பாத்துட்டு வந்தாங்க. ரெண்டே நிமிஷம்னு என் மடியில படுத்தாங்க. அப்படியே தூங்கிட்டாங்க."

"நீ?"

"அசையல. கால் மரத்துப் போச்சு. மூக்குல ஈ வேற! ஊதி ஊதியே வெரட்டினேன்."

"சரி, அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கறேன்."

"ஐயோ, வேணாங்க்கா! ஏன்டி எழுப்பலன்னு அழுவாங்க. அப்புறம் என் மடியில படுக்கவே மாட்டாங்க."

4

கழற்றவில்லை என்று பெற்றோர் உறுதி சொன்னால் அந்த நேரம் கணக்கில் நிற்கும். இல்லையேல் நீங்கும்; அணிந்த நேரம் போதாமல் வியாழன் கணக்கில் சேராது, ஒரு நாள் குறைந்ததால் வாலுவின் அந்த வாரம் முழுவதும் தள்ளுபடியாகும். பட்டியலில் அவளுக்கு நேரே 'ஒழுங்காக அணியவில்லை' என்று வரும். ஆசிரியை அதை வகுப்பில் வாசிப்பார்.

இன்னொரு முடிவும் எழுதிப் பார்த்தேன்: கருவியின் நுண்பதிவில் அவள் மூச்சின் ஏற்ற இறக்கம் தெரிய, ஆய்வாளர் திகைத்து— அடித்துவிட்டேன். கருவியே சாட்சி சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளையை நம்ப ஒரு மனிதர் எதற்கு?*

5

ஆய்வாளர் தொலைபேசியை எடுத்தார். எண்ணைப் பார்த்தார். கவிழ்த்து வைத்தார். படிவத்தின் அடியில், இதுவரை யாரும் தொடாத 'குறிப்பு' வரியில் எழுதினார்: "பெற்றோரைக் கேட்கவில்லை. பிள்ளையைக் கேட்டேன். நம்புகிறேன்." கீழே கையெழுத்திட்டார்.

இதை ஏற்கவோ தள்ளவோ மேலதிகாரி ஒருவரை நான் உருவாக்கலாம். மனம் வரவில்லை. தாளை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். அந்த எண்பது நிமிடம் நிற்குமா, நீங்குமா, நீங்களே குறியுங்கள். அவசரமில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பதில் கேட்காமல் போகமாட்டேன் என்று வாலு வாசலில் ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

* அவள் அசையாமல் இருந்ததைப் பார்த்தவன் இறைவன் ஒருவன்தான். அவன் படிவங்களில் கையெழுத்துப் போடுவதில்லை. அந்த வேலையை நம்மிடம் விட்டிருக்கிறான்.