கேட்டவருக்கு வந்த பதில்

கம்பெனி நடத்தும் பயிற்சியில் நெட்டையோடு ஜோடி சேர யாரும் முன்வராவிட்டால் அவனை வேலையைவிட்டு அனுப்பிவிடுவது என்று மேனேஜர் முடிவு செய்திருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அன்று காலை கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி பளிச்சென்று உடுத்திக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பினேன். அவன் தலை தொங்கிப்போய் வெளியே நடப்பதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் கம்பெனிக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. மெக்கானிக்குகள் எங்கே போனாலும் இரண்டிரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருவர் உச்சியில் மோட்டார் அறையில், சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பார். மற்றவர் குழிக்குள் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கம்பிக்கு மசகு போடுவார், உருளையை மாற்றுவார். பெட்டியை நகர்த்த வேண்டுமென்றால் மேலே இருப்பவர் "போடட்டுமா?" என்று குரல் கொடுப்பார். கீழேயிருந்து "போடு" என்று பதில் வந்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை இதே கேள்வி, இதே பதில். என் வீட்டுக்காரர் தூக்கத்தில்கூடச் சொல்வார். நான் தண்ணீர்ப் பானையை மூடட்டுமா என்று கேட்டால் "போடு" என்பார்.

அவர் கூரைமேல் நின்ற ஒரு நாளில், அவர் பதில் சொல்லாமலே பெட்டி நகர்ந்து, அவர் உயிர் போய்விட்டது. மேலே சுவிட்சில் நின்றது நெட்டை.

"கேட்டேன். போடுன்னு சொன்னான். என் ரெண்டு காதால கேட்டேன்," என்றான் விசாரணையில். யார் நம்புவார்கள்? அவர் அந்த நேரத்தில் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே தலையை நீட்டிக் குனிந்திருந்தார். அப்படி இருக்கிறவர் எப்படி "போடு" என்பார்? அதோடு சாட்சியும் இருந்தது. அந்தக் கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். நடுவில் சுவர் கிடையாது, வெறும் இரும்புச் சட்டம்தான். பக்கத்து லிஃப்ட் கூரைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தவர் என் கூடப்பிறந்த அண்ணன்.

"கைக்கெட்டுற தூரத்துல நின்னேன். மாப்பிள்ளை வாயே திறக்கல. யாரும் பதில் சொல்லல. சொல்லியிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா? என் தங்கச்சி தலைமேல அடிச்சுச் சொல்றேன்," என்றார் அண்ணன். குழியில் இறங்கி அவரைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அண்ணன்தான். பிறகு என்னையும் என் பொருள்களையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், அண்ணி முகம் சுளிப்பதற்குள் ஒரு அறையைக் காலி செய்து கொடுத்ததும் அவர்தான்.

நெட்டை வேண்டுமென்றே செய்தான் என்று யாரும் சொல்லவில்லை. அவசரத்தில் கேட்காமல் போட்டுவிட்டு இப்போது செத்தவன் மேல் பழியைப் போடுகிறான் என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது அதில்தான். எங்கள் வீட்டில் கைநனைக்காத வாரமே கிடையாது அவனுக்கு. நான் வாய் நிறைய அண்ணே அண்ணே என்று கூப்பிட்ட ஆள். அதற்குப் பிறகு மரியாதை கொடுக்க எனக்கு நாக்கு வரவில்லை.

அவனோடு குழியில் இறங்க மெக்கானிக்குகள் மறுத்துவிட்டார்கள். அதனால் கம்பெனி அவனை ஸ்டோர் ரூமில் போட்டது. எனக்கு வேலை கொடுத்ததும் அதே ஸ்டோர் ரூமில்தான். முன்பக்கம் கவுன்டரில் நான், பின்பக்கம் அலமாரிகளுக்கு நடுவே அவன். ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த லட்சணத்தில்தான் ஒரு நாள் அதைப் பார்த்தேன். போல்ட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்றான். தலையைச் சாய்த்தான். கூப்பிட்ட குரலுக்குக் காது கொடுக்கிற மாதிரி நின்றுவிட்டு, மெல்லத் தலையாட்டினான்.

"என்ன?" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. அவன்தான்."

"யாரு?"

"அவன்தான். போடுங்கிறான். தினம் சொல்றான். கோவமா இல்ல, சாதாரணமாத்தான் சொல்றான்."

நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். பயமில்லை. பொறாமை. என் அறையில் ஒரு டம்ளர்கூட அசைந்ததில்லை. அவருடைய சட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு, பைத்தியக்காரி மாதிரி வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. தன் உயிரை எடுத்தவனிடம் மட்டும் தினமும் வந்து பேசிவிட்டுப் போகிறார். அன்றிலிருந்து நானும் காது கொடுக்க ஆரம்பித்தேன். அவன் நிற்கும்போதெல்லாம் நானும் வேலையை விட்டுவிட்டு நிற்பேன். அலமாரியில் சுருட்டி வைத்த இரும்புக் கயிறு சில நேரம் காற்றில்லாமலே முனகும். அதற்கு மேல் எனக்கு எதுவும் கேட்டதில்லை. அவன் முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி வந்துபோகும். அந்த நிம்மதிக்காகவே அவனை வெறுத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் குழு ஒற்றுமைப் பயிற்சி என்று அறிவிப்பு வந்தது. ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த பெண் கழுத்தில் விசிலோடு, நின்ற இடத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்தாள். "டீம் பில்டிங்காம்ல? ஏற்கெனவே இருக்கற பில்டிங்லயே லிஃப்ட் ஓட மாட்டேங்குது," என்று ஒரு மெக்கானிக் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த விசில்காரி கெட்டிக்காரி. பேசாமலே பிறந்த மாதப்படி வரிசையில் நில்லுங்கள் என்றாள். காகிதத்தில் கோபுரம் கட்டச் சொன்னாள். மேனேஜர் கட்டிய கோபுரம் அவர் மூச்சுவிட்டதிலேயே விழுந்தது. அந்தச் சாவுக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததும் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்புறம் ஜோடி விளையாட்டு. கூடம் முழுக்க நாற்காலிகளைத் தாறுமாறாகப் போட்டார்கள். ஜோடியில் ஒருவருக்குக் கண்ணைக் கட்டிவிடுவார்கள். மற்றவர் தூரத்தில் நின்று வழி சொல்ல வேண்டும். எதிலும் இடிக்காமல் வந்து சேர வேண்டும். எல்லாருக்கும் ஜோடி கிடைத்துவிட்டது. நெட்டை மட்டும் சுவரோரம், பெஞ்சில் ஏற்றிய பையன் மாதிரி கைகட்டி நின்றான். மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை.

"நான் வர்றேன்," என்றேன்.

அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். "உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"விடுண்ணா. விளையாட்டுதானே."

எனக்கு விளையாட்டில்லை. அவனுக்கு வேலை போனால் மட்டும் போதாது என்று தோன்றிவிட்டது. நேராக நாற்காலிக்கூட்டத்துக்குள் கொண்டுபோய்விட்டு அவன் மூஞ்சியை உடைக்கப்போகிறேன். இன்னொருவர் சொல்லை நம்பி நின்ற மனிதனுக்கு என்ன ஆகும் என்று அவனும் ஒரு தடவை அனுபவிக்கட்டும்.

எங்கள் முறை வந்தது. விசில்காரி அவன் கண்ணைக் கட்டினாள். "ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி உங்க ஜோடியைக் கேளுங்க, சார். உங்க வேலையில எப்படிக் கேப்பீங்களோ, அப்படியே கேளுங்க," என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

கையை முன்னால் நீட்டினான். தொண்டையைச் செருமினான்.

"போடட்டுமா?"

அந்தச் சாவுக்குப் பிறகு என் காதுபட யாரும் சொல்லாத வார்த்தை அது. அவனை இடிக்கவிடும் எண்ணம், பதில் சொல்ல வேண்டும் என்பது, எல்லாமே எங்கோ போய்விட்டது. அவன் நகரவில்லை. பதிலுக்காக, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அப்படியே காத்து நின்றான்.

"போடு."

குரல் தெளிவாக, சாதாரணமாக வந்தது. அவன் உடனே காலெடுத்து வைத்தான். நாற்காலியில் இடித்து, அதோடு சேர்ந்து குப்புற விழுந்தான்.

நான் அவனைப் பார்க்கவில்லை. என் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடுத்த முறைக்காகத் தன் ஜோடியின் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சில்தான் முழுக்கவனம். குனிந்த தலை நிமிரவில்லை. உதடு மட்டும் அசைந்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. நாற்காலி விழுந்த சத்தத்துக்குத்தான் நிமிர்ந்தார்.

"என்னாச்சு?" என்றார். பிறகு, "ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?"

அவருக்குத் தெரியவே இல்லை. சத்தியமாகத் தெரியவில்லை. தான் சொன்னதைத் தானே கேட்கவில்லை.

கீழே கிடந்த நெட்டை முட்டிபோட்டு எழுந்தான். கண்கட்டைத் தொடவில்லை. கட்டுக்குக் கீழே முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டியா தங்கச்சி? அவன்தான்! எல்லாரும் கேட்டீங்கல்ல? அன்னைக்கும் இப்படியேதான் சொன்னான். இனிமே நான் பொய் சொன்னேன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல?"

"யாருங்க அது நடுவுல பேசினது? ஜோடி மட்டும்தான்..." என்று ஆரம்பித்த விசில்காரியை மேனேஜர் கையமர்த்தினார். எல்லாரும் பார்த்திருந்தார்கள். எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அண்ணன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கும் இப்போது புரிய ஆரம்பித்திருந்தது.

நான் "ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் பிழைத்துக்கொள்வார். என் தலைக்கு மேல் கூரை இருக்கும். நெட்டைக்கும் மனசு ஆறிவிடும். அதையெல்லாம்விட, என் வீட்டுக்காரர் எங்கேயாவது பேசிக்கொண்டிருப்பார். என்னிடம் இல்லாவிட்டாலும், அலமாரிகளுக்கு நடுவிலாவது இருப்பார். எனக்கு அது வேண்டும்போல் இருந்தது. உண்மையாகவே வேண்டும்போல் இருந்தது. ஆனால் நெட்டையண்ணன் கேட்டது என்னை. கண்ணைக் கட்டிக்கொண்டு, என் ஒருத்தி வாயை நம்பிக் கேட்டார்.

"இல்லண்ணே," என்றேன். "அது அவர் இல்ல. என் அண்ணன்."

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. "அன்னைக்கு?"

அண்ணன்தான் பேசினார். குரல் கிழிந்து வந்தது. "என் லிஃப்ட்டுக்குத்தான் கேக்கறாங்கன்னு... தெரியலடா. கேட்டா வாய் தானா சொல்லிடுது. சொன்ன ஞாபகமே இல்ல. யாரும் பதில் சொல்லலன்னுதான் இத்தனை நாளும் நான்..." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அவன் எதுவுமே சொல்லலையா?" நெட்டையண்ணன் என்னைத்தான் கேட்டார்.

"இல்லண்ணே."

"தினம் வந்து சொல்றானே, அது?"

அலமாரியில் முனகிய இரும்புக் கயிறுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"அவனே சொன்னான்னுதான் நான் உயிரோட இருக்கேன் தங்கச்சி. அவன் சொல்லித்தான் போட்டேன், அவனுக்கு என்மேல கோவமில்லைன்னு." கையால் காற்றைத் துழாவினார். "நான் கேட்டதாவது அவன் காதுல விழுந்திருக்குமா?"

யாருக்குத் தெரியும். குழிக்குள் தலை குனிந்திருந்த மனிதருக்கு என்ன கேட்டது என்று இனி யாரிடம் போய்க் கேட்பது. அவருக்குத் தெரியாமல், அவரைக் கேட்காமல், அவர் பெயரால் ஒரு பதில் போய்ச் சேர்ந்துவிட்டது.

நெட்டையண்ணன் எழுந்து நின்றார். "எங்க இருக்கான் உன் அண்ணன்? வழி சொல்லு."

கண்கட்டை அவிழ்த்துவிட ஒருவர் ஓடிவந்தார். நெட்டையண்ணன் தலையை விலக்கிக்கொண்டார். அதனால் நான் சொன்னேன். நேரா வாங்க. நில்லுங்க, முன்னாடி நாற்காலி. வலது பக்கம் திரும்புங்க. இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு அடிக்கும் என் வாய் திறக்கிறவரை காலைத் தரையைவிட்டு எடுக்காமல் நின்றார். அவசரப்பட்டுப் போடுகிற ஆள் இல்லை இவர். அன்றும் இப்படித்தான் நின்றிருப்பார், அந்த ஒரு வார்த்தைக்காக. இதைப் பார்க்க எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

"கை நீட்டுங்க," என்றேன்.

பெரிய கை அண்ணனின் தலைமேல் விழுந்தது. இரண்டு மெக்கானிக்குகள் பாய்ந்து பிடிக்கத் தயாராக நின்றார்கள். அந்தக் கை தலைமுடியை, நெற்றியை, ஈரக் கன்னத்தைத் தடவிப் பார்த்தது.

"யாரு?" என்றார் நெட்டையண்ணன்.

அண்ணன் வாயைத் திறந்தார். கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லியே பழகிய வாயிலிருந்து குரல் வரவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இது என்னைக் கேட்ட கேள்வி இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"யாருடா?"

ரொம்ப நேரம் கழித்து, "நான்தான்டா," என்றார் அண்ணன்.

நெட்டையண்ணன் கையை எடுக்கவில்லை. வேறு ஏதாவது குரல் வருமா என்று பார்ப்பவர் போல் தலையைச் சாய்த்து நின்றார். நானும் காது கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. என் வீட்டுக்காரர் அந்தக் கூடத்தில் இல்லை. ஸ்டோர் ரூமில் இல்லை. எங்கேயும் இல்லை. நின்ற இடத்திலேயே நான் வாய்விட்டு அழ ஆரம்பித்தேன்.